உறையூரில் ஒரு பச்சைப் புள்ளி

ஜூன் 3, செவ்வாய்

பள்ளி திறந்த இரண்டாம் நாள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்த பெற்றோர் வரிசை அலுவலக ஜன்னலிலிருந்து மாமரம் வரை நின்றது. ஒருவர் தன் மகனின் பிறந்த தேதியை மூன்று விதமாகச் சொன்னார். நான் சாப்பிட உட்கார்ந்தபோது எலுமிச்சை சாதம் ஊசத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தாரணி பெங்களூரிலிருந்து பேசினாள். புது ஐபோன் வாங்கப் போகிறாளாம். இப்போது வைத்திருப்பதை எனக்குத் தருகிறாளாம்.

"உன் போன்ல சார்ஜ் அரை நாள்கூட நிக்கல. இதுக்கு மாறிடும்மா."

"எனக்கு இது போதும்டி."

"ஏன்? ஒரு காரணம் சொல்லு."

நிறையச் சொன்னேன். அதில் பின்னால் போகப் பொத்தான் இல்லை. தமிழில் எழுத இதுதான் கைக்குப் பழகியிருக்கிறது. இந்த வயதில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

"நாப்பத்தஞ்செல்லாம் ஒரு வயசா?" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அப்பா வாங்கிக் குடுத்ததுன்னாம்மா?" என்று கேட்டாள்.

மறுக்கவில்லை. அந்தக் காரணம் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அவர் போய் அடுத்த மாதம் ஒரு வருடம்.

இதையெல்லாம் போனிலேயே எழுதலாம் என்பாள் தாரணி. எனக்குக் காகிதம்தான். எழுதி முடித்ததும் இந்த நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் அங்கேதான் வைக்கிறேன்.


ஜூன் 5, வியாழன்

மழை. பாலக்கரையில் தண்ணீர் தேங்கி பஸ் நகரவில்லை. கே.கே. நகரில் இறங்கும்போது விளக்கு போட்டுவிட்டார்கள். கதவைத் திறந்து உள்ளே போனதும், "பாலக்கரைல பஸ் நின்னுடுச்சுங்க" என்று சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்த பிறகுதான் கூடம் காலியாக இருப்பது உறைத்தது.

துணிகள் நனைந்துவிட்டன. மறுபடி அலச வேண்டும்.


ஜூன் 7, சனி

அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜை ஜெபசீலி. தவணையில் ஐபோன் வாங்கி, கைக்குழந்தைக்குச் சட்டை மாற்றுவதுபோல அதற்கு உறை மாற்றிக்கொண்டே இருப்பாள். இரண்டில் எது நல்லது என்று கேட்டேன்.

"அக்கா, ஆண்ட்ராய்டு கூட்டுக் குடும்பம். யாரு வேணா சமையக்கட்டு வரைக்கும் வரலாம். இது அபார்ட்மெண்டு. வாட்ச்மேன் கேட்டுட்டுத்தான் உள்ள விடுவான்."

"வாட்ச்மேன் தூங்கிட்டா?"

"தூங்குவான். ஆனா நாற்காலி போட்டு வாசல்லதான் தூங்குவான்."

எதையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும் என்று பார்க்க என் போனை வாங்கித் தள்ளிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

"என்னக்கா இது? சின்னப் பிள்ளைங்க போன்ல அம்மா அப்பா போட்டு வைக்கிற ஆப்பு. எங்க போறான், எங்க நிக்கறான்னு பாக்குறது. உங்க போன்ல கெடக்கு?"

"தாரணி படிக்கறப்போ போட்டது."

"இதுல நீங்கதானக்கா பிள்ளை?"

மதிய மணி அடித்தது. சனிக்கிழமை அரை நாள்தான். போனை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.


ஜூன் 8, ஞாயிறு

அந்தச் செயலியை இன்று திறந்தேன். இத்தனை வருடத்தில் நான் அதைத் திறந்ததில்லை. திறந்து பார்ப்பவர் அவர். நான் பையில் வைத்துக்கொண்டு நடப்பவள்.

திருச்சியின் வரைபடம் வந்தது. நீலப் புள்ளி ஒன்று, கே.கே. நகரில். அது நான். பச்சைப் புள்ளி ஒன்று, உறையூரில். அதற்கு மேல் கொடைக்கானலில் எடுத்த அவர் முகம். பக்கத்தில் ‘இப்போது’ என்று இருந்தது. பேட்டரி 64 சதவீதம்.

அந்தப் போன் எரிந்துபோன போன்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். கண்ணாடிப் பெட்டியிலிருந்து அவரை எடுத்துக் குளிப்பாட்டி வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார்கள். பாடையில் ஏற்றுவதற்கு முன் யாரோ அவருடைய மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். வெற்றிலைப் பெட்டியைக் காலடியில் வைத்தார்கள். நான் அவருடைய போனைச் சட்டைப் பையில் வைத்தேன். அவர் தம்பி கருணாகரனின் மனைவி பரிமளா அதைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். அது இல்லாமல் அவரால் இருக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். திரும்பிவிட்டோம். ஓயாமரி மயானத்துக்கு ஆண்கள் மட்டும் போனார்கள்.

வீட்டைக் கழுவிவிட்ட பிறகு எல்லோரும் என்னைப் படுக்கச் சொன்னார்கள். படுத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன். களைப்பு.

உறையூரில் கருணாகரன் வீடு இருக்கிறது. அதனால் என்ன? உறையூரில் ஆயிரம் வீடுகள் இருக்கின்றன.


ஜூன் 9, திங்கள்

காலையில் பேட்டரி 100.


ஜூன் 11, புதன்

இன்று பார்த்தபோது பச்சைப் புள்ளி அசையவில்லை. நேற்றும் அசையவில்லை. அது எங்கும் போவதில்லை. சார்ஜ் மட்டும் பகலில் இறங்குகிறது, காலையில் ஏறியிருக்கிறது. வேலைக்கு நடுவில் நான்கைந்து முறை பார்த்துவிட்டேன். ஜெபசீலி, "என்னக்கா, ஷேர் மார்க்கெட்டா?" என்றாள்.

அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. குரல் உயர்த்தியதில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இன்றும் அப்படி ஒரு மனிதர் உண்டா என்பார்கள். நான் வழியில் எங்கேயாவது இறங்கியிருந்தால் அவர் அன்று சாப்பிட மாட்டார். அவ்வளவுதான். தட்டு போட்டிருக்கும், சாதம் இருக்கும், எதிரில் உட்கார்ந்திருப்பார். "பசியில்ல எழில். நீ சாப்பிடு" என்பார். தாரணி என் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே பிசைந்த சோற்றைப் பிசைவாள். மறுநாள் நான் நேராக வீட்டுக்கு வந்ததும், "வெயில் அதிகமா?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்.

மூன்று பேரும் சாப்பிட வேண்டுமென்றால் நான் நேராக வர வேண்டும். இதில் கஷ்டம் ஒன்றுமில்லை. எத்தனையோ பெண்கள் என்னென்னவோ படுகிறார்கள்.


ஜூன் 13, வெள்ளி

செயலியை நீக்கப் பார்த்தேன். கடவுச்சொல் கேட்டது. அவர் பிறந்த நாள், தாரணி பிறந்த நாள், எங்கள் திருமண நாள், அவருடைய முதல் ஸ்கூட்டரின் எண். எதுவும் இல்லை. கடைசியாக என் பெயரைப் போட்டேன். அதுவும் இல்லை.

பிறகு திரையில் ஒரு வரி வந்தது: ‘இந்த முயற்சி குறித்துப் பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது.’

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறை விளக்கையும் அணைத்தேன். ஏன் அணைத்தேன் என்று தெரியவில்லை.


ஜூன் 14, சனி

காலையில் கருணாகரன் பேசினார். வருஷப் படையல் ஜூலை ஆறு, ஞாயிறு என்று முடிவு செய்தாயிற்றாம். போனை வைப்பதற்கு முன், "போன்ல ஏதும் பிரச்சனையாண்ணி?" என்றார்.

"இல்லையே. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."


ஜூன் 17, செவ்வாய்

அவருடைய எண்ணை அழைத்தேன். ‘உபயோகத்தில் இல்லை’ என்று ஒரு பெண் குரல் சொல்லும் என்று எதிர்பார்த்தேன். மணி அடித்தது. இரண்டாவது மணியில் துண்டித்தேன்.

உடனே அங்கிருந்து அழைப்பு வந்தது. திரை முழுக்க அவர் முகம், கொடைக்கானல் பனி, கழுத்தில் சுற்றிய என் சால்வை. போன் மேஜையில் அதிர்ந்தபடி நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. விழுந்துவிடாமல் கையால் தடுத்துக்கொண்டு, அது நிற்கும்வரை நின்றேன். எடுக்கவில்லை.

நின்றதும் வாய் தானாக, "பாத்ரூம்ல இருந்தேங்க" என்றது.


ஜூன் 20, வெள்ளி

வேலை முடிந்து வீட்டு பஸ் ஏறாமல் தெப்பக்குளத்துக்குப் போனேன். ஒன்றும் வாங்கவில்லை. ஒரு கடையில் காபி குடித்தேன். குளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன். மலைக்கோட்டை அதில் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது. காபி நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன். நாக்கில் எதுவும் தங்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கருணாகரன் அழைத்தார்.

"தெப்பக்குளம் பக்கம் ஏதும் ஜோலியாண்ணி? ஒரு வார்த்தை சொன்னா நானே வாங்கியாந்து குடுத்துருவேனே."

இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. இப்போது வீட்டில் சாப்பிடாமல் இருப்பது நான்.


ஜூன் 22, ஞாயிறு

கருணாகரன் வந்தார். அவர் ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வரும்போதெல்லாம் ஏதாவது கொண்டுவருவார். இன்று வெள்ளரிப் பிஞ்சு. படையலுக்கு என்னென்ன வைப்பது என்று பேசினோம். அயிரை மீன் குழம்பு, அவித்த முட்டை, காராபூந்தி, புது வேட்டி சட்டை.

"அண்ணனுக்குப் பிடிச்சது ஒண்ணும் விட்டுப் போயிறக் கூடாதுண்ணி. ஒண்ணு கொறஞ்சாலும் ஆத்மா அதத் தேடிக்கிட்டு வீட்டையே சுத்தும்னு அம்மா சொல்லும்."

"அவர் போன் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்கிட்டதாண்ணி. கொள்ளி வைக்கறதுக்கு முன்னாடி மயானத்து ஆளு சட்டைப் பையத் தடவிப் பாத்தாரு. பேட்டரி வெடிக்கும், எடுங்கன்னாரு. ஒங்ககிட்ட குடுத்தா அழுவீங்கன்னுதான் சொல்லல."

"ஒரு வருஷமா சார்ஜ் போடறீங்க."

"அண்ணன் நம்பரு. செத்துப் போக விட மனசு வரல. ரீசார்ஜும் பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

"செவ்வாய்க்கிழமை எனக்குத் திரும்ப அடிச்சது?"

"நாந்தான். நீங்க கூப்புட்டுக் கட் பண்ணீங்களே. நமக்குப் பதறிப் போச்சு."

"என்னையும் அதுல பாக்கறீங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. வெட்கமும் இல்லை. கேட்டதே சந்தோஷம் என்பதுபோல முகம் மலர்ந்தது.

"ஆஸ்பத்திரில அண்ணன் கையப் புடிச்சுக்கிட்டு சொன்னதுண்ணி. 'டேய், எழில் வீட்டுக்கு வந்துட்டாளான்னு தெனம் ஒருவாட்டி பாரு'ன்னு. அதத்தான் செய்யறேன். உள்ளங்கைல வச்சுத் தாங்குனாரே உங்கள! எந்தப் பொம்பளைக்குக் கெடைக்கும் சொல்லுங்க?"

"அந்த ஆப்பை எடுக்கணும். பாஸ்வேர்டு தெரியுமா?"

"அது அண்ணனோடவே போச்சு. போனைத் தொறக்கற கோடு மட்டுந்தான் எனக்குத் தெரியும். எடுப்பானேன்? நல்ல ஆப்புண்ணி. பரிமளா போன்லயும் போட்டு வச்சிருக்கேன்."

கிளம்பும்போது என் வாசல் தாழ்ப்பாள் ஆடுவதைக் கவனித்து, பையிலிருந்து திருப்புளி எடுத்து முறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். அதை எழுதாமல் இருக்கக் கூடாது.

வெள்ளரிப் பிஞ்சு கசக்கவில்லை.


ஜூன் 25, புதன்

ஜெபசீலியிடம் கேட்டேன், ஐபோனுக்கு மாறினால் அந்தச் செயலியும் கூடவே வருமா என்று. "நீங்க சரின்னு ஏத்தினாத்தான் வரும்க்கா. இல்லாட்டி அது பழைய போனோட தங்கிரும்" என்றாள். ஏன் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. தன் டப்பாவிலிருந்து இரண்டு அதிரசம் எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

அப்படியானால் இன்றே தாரணிக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பயம் என்று மட்டும் எழுதினால் பொய்யாகும். கல்லூரிக்குப் போகும்போது அப்பா தெருமுனையில் நிற்பார். பஸ் தாமதமானால் அடுத்த நிறுத்தம் வரை நடந்து வருவார். பிறகு இவர். நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்காவது தெரியாமல் நான் எங்குமே இருந்ததில்லை. அந்தப் புள்ளி அணைந்தால், குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தாலும் உறையூரிலிருந்து ஒருவர் வர மாட்டார். பச்சைப் புள்ளியை நானும் தினமும் பார்க்கிறேன். காலையில் 100 என்று இருந்தால் ஏதோ ஒன்று ஒழுங்காக இருப்பதுபோல் மனம் அடங்குகிறது. இதை யாரிடம் சொல்வது?

இப்படியே விட்டுவிட்டால்தான் என்ன? நேராக வேலைக்குப் போய் நேராக வீட்டுக்கு வருகிறவளுக்கு எந்தப் போனாக இருந்தால் என்ன?


ஜூன் 28, சனி

தாரணி வந்திருக்கிறாள், போனோடு. நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு போன்களையும் ஒட்டி வைத்தாள்.

"இப்படி வச்சிட்டா எல்லாம் தானா வந்துரும்மா. படம், மெசேஜ், ஆப்பு, எல்லாம்."

"எல்லாமா?"

"ம்."

"வேண்டாம். நம்பர் மட்டும் வந்தாப் போதும்."

"போட்டோ?"

"நீ இருக்கற படம் மட்டும்."

அவள் கை நின்றது.

"நான் ஏம்மா மொதல் சம்பளத்துல, ஹாஸ்டல்ல பன்னு தின்னுட்டு, ஐபோன் வாங்கினேன்னு நெனச்ச? பந்தாவுக்கா?"

நான் காம்பை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"என் புள்ளி காணாமப் போச்சுன்னு அப்பா ஒரு மாசம் எங்கிட்ட பேசல. நீகூட, 'ஏன்டி அவர நோகடிக்கற'ன்னு கேட்ட."

"அவர் சாப்பிடலடி."

"தெரியும்மா. நீயும் சாப்பிடலன்னும் தெரியும்." மூக்கை உறிஞ்சினாள். "தோ பாரு, வெண்டைக்காய அரிசி மாதிரி நறுக்கி வச்சிருக்க. இத எப்படிம்மா வதக்கறது?"

இருவரும் சிரித்துவிட்டோம்.

சாயங்காலம் புதுப் போனில் வரைபடத்தைத் திறந்தேன். திரையில் ஒரு கேள்வி வந்தது. என் இருப்பிடத்தைத் தெரிந்துகொள்ள அனுமதிக்கலாமா என்று. படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"என்னம்மா?"

"கேக்குதுடி."

"ஆமா. கேக்கும்."

எதையும் அழுத்தாமல் மூடி வைத்தேன். கேள்வி அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

பழையதை அணைத்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அணைத்தால் புள்ளி காணாமல் போகும். காணாமல் போனால் தேடிக்கொண்டு வருவார்கள். அவரும்.


ஜூலை 1, செவ்வாய்

என் சிம் புதுப் போனுக்கு மாறிவிட்டது; பழைய போனில் தாரணி கொண்டுவந்த வேறொரு சிம். அதை அலமாரியில் சார்ஜில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பதினொரு மணிக்குக் கருணாகரன்: "இன்னிக்கு லீவாண்ணி?"

"ஆமா, லேசா தலைவலி" என்றேன், எதிரில் நின்ற பெற்றோரிடம் ரசீதை நீட்டியபடி. ஜெபசீலி நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

வீட்டுக்கு வரும்போது தோள் பை இடுப்பில் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. அதிர்ந்தது என் உடம்புதான். மூன்று முறை இப்படி.


ஜூலை 5, சனி

அயிரை மீன் கிடைத்துவிட்டது. பழைய போனுக்கு முழுச் சார்ஜ்.


ஜூலை 6, ஞாயிறு

உறையூர் வீடு. கூடத்தில் அவருடைய பெரிய படம், மல்லிகை மாலை. மூன்று தலைவாழை இலைகள் நிறையக் குழம்பும் பொரியலும். புது வேட்டி சட்டை. வெற்றிலைப் பெட்டி. கருணாகரன் அவருடைய போனைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் பலகையில் வைத்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அதை நேரில் பார்த்தேன். மூலையில் அந்த விரிசல் அப்படியே இருந்தது. நெருப்பு தொடாதது.

"பாருங்கண்ணி, எல்லாம் சரியா இருக்கா? அண்ணனுக்குப் பிடிச்சது ஏதும் விட்டுப் போச்சா?"

"ஒண்ணு விட்டுப் போச்சு" என்றேன்.

பையிலிருந்து என் பழைய போனை எடுத்தேன். அவருடைய போனுக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல் வைத்தேன். சார்ஜரையும் சுருட்டி வைத்தேன்.

"இது என்னண்ணி?"

"அவருக்கு ரொம்பப் பிடிச்சது."

கருணாகரன் வாயைத் திறந்தார். தாரணி அவரையே பார்த்தாள். படையலில் வைத்ததைத் திரும்ப எடு என்று யாராலும் சொல்ல முடியாது. கற்பூரம் காட்டும்போது அவருடைய போனின் திரையில் எரிந்துகொண்டிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். பச்சையும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்றாகி ஒரே புள்ளியாகத் தெரிந்தன. இனி நான் எங்கும் இறங்க மாட்டேன். எப்போதும் அவருக்கு எதிரில்தான் இருப்பேன். அவர் சாப்பிடலாம்.

பிறகு, வந்தவர் சாப்பிட வேண்டும் என்று கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றோம். உள்ளே இலை அசைவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. மின்விசிறியாக இருக்கும்.

பந்தியில் இரண்டு முறை குழம்பு வாங்கிக்கொண்டேன். கை கழுவும் இடத்தில் பரிமளா பக்கத்தில் வந்து நின்று, குழாயை வேண்டுமென்றே முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் கேட்டாள்:

"அக்கா, புதுப் போன் கஷ்டமா?"

"பின்னால போகப் பொத்தான் இல்ல. பழகிரும்."

"அதுல தமிழ்ல எழுத வருமா?"

"வரும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டே முந்தானையில் கையைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.


ஜூலை 7, திங்கள்

தாரணி காலை வண்டிக்குப் போய்விட்டாள். கருணாகரன் பகலில் ஒரு முறை அழைத்தார். "அந்தப் போனை என்னண்ணி பண்றது?" என்றார். "ரெண்டுக்கும் சேத்து சார்ஜ் போடுங்க" என்றேன்.

மாலையில் பள்ளியிலிருந்து கிளம்பினேன். கே.கே. நகர் பஸ் வந்து நின்றது. நடத்துனர் என்னைத் தெரிந்தவர், "ஏறலயாம்மா?" என்றார். இல்லை என்றேன். பஸ் போனது. எதிர்ப் பக்கம் கடந்து, வந்த முதல் பஸ்ஸில் ஏறினேன். முதுகில் யாரோ பார்ப்பதுபோல் குறுகுறுத்தது. திரும்பிப் பார்த்தேன். கடைசி இருக்கையில் ஒரு கூடை முருங்கைக்காய் மட்டும் இருந்தது.

இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது.

எங்கே இறங்கினேன் என்று இதில் எழுதப் போவதில்லை.